ஈதர்நெட் பழுதறிதல்

ஈதர்நெட் பழுதறிதல் என்பது இரண்டு திசைவிகளுக்கு இடையே உள்ள ஈதர்நெட் இணைப்பு உண்மையிலேயே தரவைக் கொண்டு சேர்க்கிறதா என்று இடைவிடாமல் சோதித்து, சேர்க்காதபோது அந்த இணைப்பைச் செயலிழந்ததாக அறிவிக்கும் ஏற்பாடு ஆகும். இதில் இரண்டு பகுதிகள் உள்ளன. முதலாவது, இரு முனைகளும் குறித்த கால இடைவெளியில் சிறு செய்திகளைப் பரிமாறிக்கொண்டு பழுதைக் கண்டறிவது. இரண்டாவது, கண்டறிந்ததை இடைமுகத்தின் நிலையோடு பிணைத்து, ரூட்டர் எனப்படும் திசைவி தானாகவே மாற்றுப் பாதையைத் தேடும்படி செய்வது. முதல் பகுதி மட்டும் இருந்தால் எச்சரிக்கை மணி அடிக்கும். போக்குவரத்து பழுதான பாதையிலேயே போய் வீணாகும். இரண்டும் சேர்ந்தால்தான் பயனர் பழுதை உணராமல் தப்புவார்.

சிஸ்கோ நிறுவனத்தின் ஐ.ஓ.எஸ். எக்ஸ்.ஆர். இயங்குதளத்தில் இந்தப் பிணைப்பு வசதி இதே பெயரில் உள்ளது. ஜூனிப்பர் திசைவிகளில் பழுது நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வரையறுக்கும் செயல் விவரம் மூலம் அதே பயன் கிடைக்கிறது. கட்டளைகள் வேறுபட்டாலும் அடிப்படைத் தரநிலைகள் ஒன்றே. இக்கட்டுரை அந்த அடிப்படையையும், அமைக்கும் வரிசையையும், விழுப்புரம் மாவட்டம் செஞ்சி வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

பின்னணி

ஈதர்நெட் 1973இல் அமெரிக்காவின் செராக்ஸ் ஆய்வகத்தில் தோன்றியது. 1983இல் ஐ.இ.இ.இ. 802.3 என்ற தரநிலையாயிற்று. ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் கணினிகளை இணைப்பதே அதன் தொடக்க நோக்கம். கம்பி அறுந்தால் ஒருவர் எழுந்து போய்ப் பார்த்துவிடலாம் என்பதால், தன் பழுதைத் தானே தொலைவுக்கு அறிவிக்கும் வழி அதில் விரிவாக வகுக்கப்படவில்லை. பின்னர் அதே ஈதர்நெட் ஒளியிழை வழியாக ஊருக்கு ஊர், பல பத்து கிலோமீட்டர் தொலைவுக்கு நீண்டபோது இந்தக் குறை பெரிதாகத் தெரிந்தது.

திசைவியின் முகப்பில் எரியும் பச்சை விளக்கு ஒன்றை மட்டுமே சொல்கிறது: அடுத்துள்ள கருவியிலிருந்து மின் சைகையோ ஒளிச் சைகையோ வந்துகொண்டிருக்கிறது. அந்த அடுத்த கருவி மறுமுனைத் திசைவியாக இருக்க வேண்டும் என்பதில்லை. இடையில் ஒளியை மின்சாரமாக மாற்றும் மீடியா கன்வர்ட்டர் இருக்கலாம். வேறொரு நிறுவனத்தின் சுவிட்சுகள் இருக்கலாம். ஆகவே விளக்கு எரிந்துகொண்டே இருக்க, இணைப்பு செத்துப்போகும் நிலை பலவாறு உண்டாகிறது.

- மீடியா கன்வர்ட்டருக்கு அப்பால் ஒளியிழை அறுபட்டும், திசைவியை நோக்கிய செப்புக்கம்பிப் பக்கம் உயிரோடு இருத்தல்.
- இரட்டை இழையில் ஒன்று மட்டும் பழுதாகி, தரவு ஒரு திசையில் மட்டும் செல்லுதல்.
- இடையிலுள்ள சுவிட்சில் வி-லேன் எண் தவறுதலாக நீக்கப்படுதல்.
- இடைக்கருவியின் மென்பொருள் உறைந்து, துறைகள் ஒளிர்ந்தபடியே சட்டகங்களைக் கடத்தாமல் விடுதல்.
- பராமரிப்பின்போது இழைகள் மாற்றிச் செருகப்பட்டு, தவறான ஊரோடு இணைப்பு ஏற்படுதல்.

இத்தகைய பழுதைத் திசைவியின் வழிச்செலுத்தல் நெறிமுறைகள் தாமதமாகவே உணர்கின்றன. ஓ.எஸ்.பி.எஃப். நெறிமுறையில் வழக்கமான காத்திருப்பு 40 வினாடிகள். பி.ஜி.பி.யில் அது ஒன்றரை நிமிடம் முதல் மூன்று நிமிடம் வரை போகும். கையால் எழுதப்பட்ட நிலையான வழி என்றால் திசைவி ஒருபோதும் உணராது. விளக்கு எரியும்வரை அது தரவை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

செஞ்சியும் ஊராட்சி வலையமைப்பும்

செஞ்சி, திண்டிவனம் – திருவண்ணாமலை சாலையில் உள்ள கோட்டை நகரம். ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். இந்தியாவின் கிராம ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்கும் திட்டத்துக்கு 2011இல் ஒப்புதல் கிடைத்தது. பின்னர் அது பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளை இணைக்கும் பணி தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டம், ஒன்றியத் தலைமையிடத்திலும் ஊராட்சிகளிலும் திசைவிகளை நிறுவி அவற்றை வளைய வடிவில் இணைப்பதை நோக்கமாகக் கொண்டது.

வளையத்தின் பயன் எளிது. ஓரிடத்தில் இழை அறுந்தால் தரவு மறுபக்கமாகச் சுற்றிப் போய்விடும். சாலை விரிவாக்கம், குடிநீர்க் குழாய் பதித்தல், மின்கம்பம் நடுதல் எனத் தோண்டும் வேலை ஓயாத இடங்களில் இது மிகவும் தேவையானது. ஆனால் வளையம் மறுபக்கம் திரும்ப வேண்டுமானால், இந்தப் பக்கம் பழுதாகிவிட்டது என்று அதற்கு முதலில் தெரிய வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் சான்றிதழுக்காகக் காத்திருப்பவருக்கும், பள்ளியில் இணையவழி வகுப்பில் இருக்கும் மாணவருக்கும் வளையம் கைகொடுப்பதும் கைவிடுவதும் இந்தப் பழுதறிதலைப் பொறுத்தே அமைகிறது.

அடிப்படைக் கருத்து

செஞ்சிக் கோட்டை இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை நீண்ட மதிலால் இணைத்துக் கட்டப்பட்டது. இத்தகைய மதிலில் இரவுக் காவல் நடப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். ஆபத்து வந்தால் மட்டும் குரல் கொடு என்று காவலர்களுக்குச் சொன்னால், தாக்கப்பட்ட காவலரால் குரல் கொடுக்க முடியாமல் போகலாம். மாறாக, குறித்த நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் "பாரா உஷார்" என்று கூவ வேண்டும் என்று வைத்தால், குரல் வராததே செய்தியாகிவிடும். அடுத்த காவலர் உடனே எச்சரிக்கை அடைவார்.

ஈதர்நெட் பழுதறிதலின் அடிப்படையும் இதுதான். பழுதான இணைப்பால் தன் பழுதைச் சொல்ல முடியாது. நலமாக இருக்கும்போது ஓயாமல் "நலம்" என்று சொல்ல வைத்தால், அது நின்றுபோவதே பழுதின் அறிகுறி ஆகிறது. இது சரியாக வேலை செய்ய வேண்டுமானால் மூன்று உடன்பாடுகள் தேவை: யார் யாருக்குக் குரல் கொடுக்க வேண்டும், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை, எத்தனை முறை குரல் தவறினால் பழுது. அமைத்தல் என்பது பெரும்பாலும் இந்த மூன்றையும் இரு முனைகளிலும் ஒரேமாதிரி எழுதுவதே.

தரநிலைகள்

இணைப்பு மட்டம்: 2004இல் வெளிவந்த ஐ.இ.இ.இ. 802.3ஏஎச் தரநிலை, நேரடியாக இணைந்த இரு கருவிகளுக்கு இடையிலான சோதனையை வகுத்தது. இச்செய்திகள் ஒரு இணைப்பைத் தாண்டிச் செல்லா. பொதுவாக வினாடிக்கு ஒன்று அனுப்பப்படும். வினாடிக்கு 10 என்பது மேல் எல்லை. 5 வினாடிகள் எதுவும் வராவிட்டால் மறுமுனை இழந்ததாகக் கொள்ளப்படும். மின்சாரம் போகும் கடைசிக் கணத்தில் "மின்சாரம் போகிறது" என்று அறிவிக்கும் வசதியும் இதில் உண்டு. இழை அறுந்ததா, ஊரில் மின்வெட்டா என்று பிரித்தறிய இது பெரிதும் உதவும். மின்வெட்டுக்கு இழை ஒட்டும் குழுவை அனுப்பத் தேவையில்லை.

சேவை மட்டம்: 2007இல் வந்த ஐ.இ.இ.இ. 802.1ஏஜி தரநிலை, பல கருவிகளைக் கடந்து செல்லும் முழுப் பாதையையும் சோதிக்க வழிசெய்தது. பின்னர் இது 802.1கியூ தரநிலையோடு சேர்க்கப்பட்டது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒய்.1731 பரிந்துரை இதையொட்டியது. தாமதம், சட்டக இழப்பு ஆகியவற்றை அளப்பதையும் சேர்த்துக்கொண்டது. இரண்டின் சட்டகங்களும் பதினறும எண் 8902 என்ற ஒரே வகை அடையாளத்தைச் சுமக்கின்றன.

முதன்மைக் கூறுகள்

பராமரிப்புக் களம்: ஒரே நிர்வாகத்தின் பொறுப்பில் உள்ள வலையமைப்புப் பகுதி. ஒவ்வொரு களத்துக்கும் 0 முதல் 7 வரை ஒரு மட்ட எண் உண்டு. வழக்கமாக 5 முதல் 7 வரை வாடிக்கையாளருக்கும், 3, 4 ஆகியவை சேவை வழங்குநருக்கும், 0 முதல் 2 வரை இழையை இயக்குபவருக்கும் ஒதுக்கப்படும். கோட்டையின் வெளிமதில், உள்மதில் போல இவை ஒன்றுக்குள் ஒன்றாக அமையும். உயர்ந்த மட்டச் செய்தி தாழ்ந்த மட்டக் களத்தின் ஊடாகத் தடையின்றிச் செல்லும். தாழ்ந்த மட்டச் செய்தி தன் களத்தின் எல்லையில் தடுக்கப்படும்.

பராமரிப்புக் குழுமம்: ஒரு களத்துக்குள் ஒன்றாகச் சோதிக்கப்படும் முனைகளின் தொகுதி. பெரும்பாலும் ஓர் இணைப்புக்கு அல்லது ஒரு வி-லேனுக்கு ஒரு குழுமம்.

முனைப்புள்ளி: குழுமத்தின் எல்லையில் நின்று செய்தியை அனுப்பவும் பெறவும் செய்வது. குழுமத்துக்குள் ஒவ்வொரு முனைப்புள்ளிக்கும் 1 முதல் 8191 வரை தனி எண் தேவை. இழையை நோக்கி நிற்பது கீழ்நோக்கு முனை எனப்படும். கருவியின் உள்பக்கத்தை நோக்கி, அதைக் கடந்து மறுபுறம் சோதிப்பது மேல்நோக்கு முனை.

இடைப்புள்ளி: வழியில் நின்று, கேட்டால் மட்டும் பதில் சொல்வது. தானாகச் செய்தி அனுப்பாது.

இக்கூறுகள் மூன்று வகைச் செய்திகளைப் பயன்படுத்துகின்றன. முதலாவதான தொடர்ச்சிச் செய்தி ஓயாமல் செல்வது. பழுது உண்டா என்று சொல்லும். இரண்டாவதான லூப்பேக் செய்தி, நிர்வாகி கேட்கும்போது குறித்த ஒரு புள்ளிக்குச் சென்று திரும்பும். இணைய நெறிமுறையில் பிங் செய்வது போன்றது. மூன்றாவதான பாதைத் தடமறியும் செய்தி, வழியிலுள்ள ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் பதில் பெற்று, எந்த இடத்துக்குப் பிறகு பதில் இல்லை என்று காட்டும். பழுது உண்டு என்று தெரிந்தபின், அது எங்கே என்று தேட இந்தக் கடைசி இரண்டும் பயன்படும்.

அமைக்கும் முறை

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். செஞ்சி, அதன் அருகிலுள்ள சிங்கவரம், மேலச்சேரி ஆகிய மூன்று இடங்களில் ஒவ்வொரு திசைவி. மூன்றும் வளையமாக இணைந்துள்ளன. இது விளக்கத்துக்கான வரைபடமே. இப்போதுள்ள எந்த வலையமைப்பையும் குறிப்பதன்று. மூன்று இணைப்புகளுக்கும் மூன்று தனிக் குழுமங்கள் தேவை. செஞ்சி – சிங்கவரம் இணைப்பை மட்டும் இங்கே அமைப்போம். மற்ற இரண்டும் இதே வழி.

1. முதலில் தாளில் எழுதுதல். களத்தின் பெயர், மட்டம் 1, குழுமத்தின் பெயர், செஞ்சி முனைக்கு எண் 1, சிங்கவர முனைக்கு எண் 2, இடைவெளி 100 மில்லி வினாடி என்று ஒரு பட்டியல் வேண்டும். இரு முனைகளையும் வெவ்வேறு ஆட்கள் அமைப்பதாக இருந்தால் இந்தத் தாளே இருவருக்கும் பொதுவானது.

2. வசதியை இயக்குதல். பல திசைவிகளில் இந்நெறிமுறை தொடக்கத்தில் அணைக்கப்பட்டே இருக்கும்.

3. களத்தையும் குழுமத்தையும் உருவாக்குதல். பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடுகூட இருக்கக் கூடாது. பெயர் எந்த வடிவத்தில் அனுப்பப்படுகிறது என்பதும் ஒத்திருக்க வேண்டும். ஒரு முனை அதை எழுத்துச் சரமாகவும், மறுமுனை வி-லேன் எண்ணாகவும் அனுப்பினால் இரண்டும் ஒன்றையொன்று அந்நியராகவே கருதும்.

4. இடைவெளியை வெளிப்படையாக எழுதுதல். எழுதாமல் விட்டால் ஒவ்வொரு நிறுவனத்தின் கருவியும் தனக்கென வைத்துள்ள மதிப்பை எடுத்துக்கொள்ளும். இரண்டும் மாறுபட்டால் அதுவே ஒரு பழுதாகப் பதிவாகும்.

5. எதிர்பார்க்கும் மறுமுனையைக் குறித்தல். செஞ்சியில் "எண் 2 வர வேண்டும்" என்றும், சிங்கவரத்தில் "எண் 1 வர வேண்டும்" என்றும் எழுத வேண்டும். குரல் கொடுக்க வேண்டியவர் யார் என்று தெரியாவிட்டால், தொடக்கத்திலிருந்தே வராத ஒருவரை யாரும் தேட மாட்டார்கள்.

6. முனைப்புள்ளியை இடைமுகத்தில் நிறுத்துதல். இரு திசைவிகளுக்கு இடைப்பட்ட இணைப்பு என்பதால் கீழ்நோக்கு முனையே பொருத்தம். ஐ.ஓ.எஸ். எக்ஸ்.ஆர். தளத்தில் இடைமுக நிலையோடு பிணைக்கும் வசதி கீழ்நோக்கு முனைகளுக்கு மட்டுமே உண்டு. தரவு வி-லேனில் செல்கிறது என்றால் முனைப்புள்ளியும் அதே வி-லேனுக்குரிய துணை இடைமுகத்தில் இருக்க வேண்டும்.

7. இரு பக்கமும் பார்த்தல். செஞ்சியில் சிங்கவரமும், சிங்கவரத்தில் செஞ்சியும் பழுதின்றித் தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பார்ப்பது போதாது.

8. இடைமுக நிலையோடு பிணைத்தல். ஏழாவது படி தூய்மையாக முடிந்த பிறகே இதைச் செய்ய வேண்டும். மறுமுனை அமைக்கப்படாத நிலையில் பிணைத்தால், நல்ல இணைப்பே செயலிழந்ததாக அறிவிக்கப்பட்டுவிடும்.

9. உடைத்துச் சோதித்தல். ஒரு முனையின் தொடர்ச்சிச் செய்தியை நிறுத்தி, எச்சரிக்கை வருகிறதா, தரவு மேலச்சேரி வழியாகத் திரும்புகிறதா, செய்தியை மீண்டும் தொடங்கியதும் இணைப்பு தானாக மீள்கிறதா என்று மூன்றையும் பார்க்க வேண்டும்.

எட்டாவது படியில் ஒரு கண்ணி உண்டு. சிங்கவரத் திசைவியைச் செஞ்சியில் இருந்தபடி, சோதிக்கப்படும் அதே இணைப்பின் வழியாகவே அமைத்துக்கொண்டிருந்தால், ஒரு சிறு தவறு அந்தத் திசைவிக்குப் போகும் வழியையே அடைத்துவிடும். எனவே தொலைவிலுள்ள முனையை முதலில் அமைப்பதும், குறித்த நிமிடங்களுக்குள் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்குத் தானே திரும்பும் வசதியைப் பயன்படுத்துவதும் நல்லது. ஐ.ஓ.எஸ். எக்ஸ்.ஆர்., ஜூனிப்பரின் ஜூனோஸ் இரண்டிலும் இவ்வசதி உண்டு.

பிணைப்பு செயல்படும் விதம்

பழுது அறியப்பட்டதும் இடைமுகம் முழுவதும் அணைக்கப்படுவதில்லை. மேலுள்ள நெறிமுறைகளின் நிலை மட்டும் இறக்கப்படுகிறது. இணைய நெறிமுறை முகவரியும் வழிச்செலுத்தல் நெறிமுறைகளும் அந்த இடைமுகத்தை இறந்ததாகவே காண்கின்றன. ஆகவே வேறு வழியை உடனே தேர்ந்தெடுக்கின்றன. ஆனால் கீழே ஈதர்நெட் அடுக்கு விழித்திருக்கிறது. தொடர்ச்சிச் செய்திகள் அதன் வழியே போய்வரத் தடையில்லை.

மீட்சி இதனால்தான் இயல்கிறது. துறையையே அணைத்துவிட்டால் மறுமுனையின் குரல் மீண்டும் எழுந்தாலும் கேட்கும் காது இருக்காது. யாராவது கையால் திறந்துவிடும்வரை இணைப்பு மூடியே கிடக்கும். நெறிமுறை நிலையை மட்டும் இறக்குவதால், இழை ஒட்டப்பட்டதும் செய்திகள் மீண்டும் கேட்கின்றன. இடைமுகம் தானாக உயிர்பெறுகிறது.

இடைவெளியைத் தேர்ந்தெடுத்தல்

தரநிலை ஏழு இடைவெளிகளை அனுமதிக்கிறது: 3.33 மில்லி வினாடி, 10 மில்லி வினாடி, 100 மில்லி வினாடி, 1 வினாடி, 10 வினாடி, 1 நிமிடம், 10 நிமிடம். தரநிலைப்படி இடைவெளியைப் போல மூன்றரை மடங்கு காலம் செய்தி வராவிட்டால் பழுது. ஆகவே 3.33 மில்லி வினாடியில் ஏறத்தாழ 12 மில்லி வினாடிக்குள்ளும், 100 மில்லி வினாடியில் 350 மில்லி வினாடிக்குள்ளும், 1 வினாடியில் 3.5 வினாடிக்குள்ளும் பழுது தெரியும். 10 நிமிட இடைவெளி என்றால் 35 நிமிடம் காத்திருக்க வேண்டும்.

விரைவானதே சிறந்தது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் 3.33 மில்லி வினாடி என்றால் ஒரு முனை வினாடிக்கு 300 செய்திகள் அனுப்புகிறது. அத்தகைய 100 முனைகள் ஒரு திசைவியில் இருந்தால் 30,000 செய்திகளை அனுப்பி, மறுமுனைகளிலிருந்து அதே அளவைப் பெறவும் வேண்டும். இதை வன்பொருளிலேயே கையாளும் கருவியால்தான் தாங்க முடியும். மையச் செயலியில் ஓடும் சிறு திசைவியில் இந்த இடைவெளியை வைத்தால், செயலி வேறு வேலையில் மூழ்கும் கணத்தில் செய்தி தவறும். பழுதே இல்லாத இணைப்பு விழுந்து எழுந்துகொண்டிருக்கும்.

பழுது ஏற்பட்ட 50 மில்லி வினாடிக்குள் பாதை மாற வேண்டிய வளையங்களுக்கு 3.33 அல்லது 10 மில்லி வினாடி ஏற்றது. மற்ற இணைப்புகளுக்கு 100 மில்லி வினாடியோ 1 வினாடியோ போதுமானது. நிமிடக் கணக்கில் உள்ளவை கண்காணிப்புப் பதிவுக்கு மட்டுமே உதவும்.

எச்சரிக்கைகளும் அவற்றின் பொருளும்

802.1ஏஜி ஐந்து வகைப் பழுதுகளை முன்னுரிமை வரிசையில் தருகிறது. சிறியதிலிருந்து பெரியது வரை அவை:

- தொலைமுனைப் பழுதறிவிப்பு: "உன் குரல் எனக்குக் கேட்கவில்லை" என்று மறுமுனை சொல்வது. மறுமுனையின் குரல் இங்கே கேட்பதால், பழுது ஒரு திசையில் மட்டும் என்று பொருள்.
- துறை நிலைப் பழுது: மறுமுனையின் துறை அல்லது இடைமுகம் செயலிழந்ததாக அதுவே தெரிவிப்பது.
- மறுமுனை இழப்பு: எதிர்பார்த்த குரல் நின்றுவிட்டது. இழை அறுதலும் மின்வெட்டும் பெரும்பாலும் இங்கே தெரியும்.
- பிழையான செய்தி: எதிர்பாராத எண்ணோ, பொருந்தாத இடைவெளியோ கொண்ட செய்தி வருதல். அமைப்பில் தவறு என்பதற்கு அடையாளம்.
- குறுக்கிணைப்பு: வேறு குழுமத்தின் செய்தி இங்கே வருதல். இழை மாற்றிச் செருகப்பட்டிருக்கலாம். பெயர் பொருந்தாமலும் இருக்கலாம்.

கவனிக்க வேண்டியது, இயல்பான அமைப்பில் முதல் வகைக்கு எச்சரிக்கை எழாது, இரண்டாவதிலிருந்தே எழும். ஒருவழிப் பழுதில், குரல் கேட்காத முனை எச்சரிக்கை அடைகிறது. குரல் கேட்கும் முனையோ நலமென்று இருந்துவிடுகிறது. அந்த இரண்டாம் முனை தொடர்ந்து தரவை அனுப்பினால் அது பள்ளத்தில் கொட்டிய நீர்தான். எனவே இந்த அறிவிப்பையும் செயல்தூண்டும் காரணமாகச் சேர்க்க முடியும் கருவிகளில் சேர்ப்பது நல்லது. ஜூனிப்பரின் செயல் விவரத்தில் எந்தெந்த நிகழ்வுக்கு இடைமுகத்தை இறக்குவது என்று தேர்ந்தெடுக்கலாம்.

வழக்கமான தவறுகள்

மட்டம் பொருந்தாமை: ஒரு முனை 1, மறுமுனை 3 என்று அமைந்தால், மட்டம் 1இல் உள்ள முனை மட்டம் 3 செய்தியை எதுவும் செய்யாமல் கடத்திவிடும், மட்டம் 3இல் உள்ளது தாழ்ந்த செய்தியைப் பழுதாகக் கொள்ளும். ஒரே தவறு இரு பக்கமும் இருவேறு விதமாகத் தெரிவதால் தேடுபவர் குழம்புவார்.

தரவு ஒரு வழி, சோதனை ஒரு வழி: முனைப்புள்ளி வி-லேன் இல்லாமல் தாய் இடைமுகத்தில் நிற்க, தரவு வி-லேன் 100இல் செல்கிறது என்று கொள்வோம். இடைச்சுவிட்சில் வி-லேன் 100 நீக்கப்பட்டாலும் சோதனை "நலம்" என்றே சொல்லும். சோதனைச் செய்தி தரவு செல்லும் அதே பாதையில் சென்றால்தான் அதன் சொல்லுக்கு மதிப்பு.

இடைநிறுவனம் வடிகட்டுதல்: குத்தகைக்கு எடுத்த இணைப்பில் வழங்குநரின் கருவிகள் அவர்களுடைய மட்டத்திலோ அதற்குக் கீழோ வரும் செய்திகளைத் தடுத்துவிடும். மட்ட எண்ணை முன்கூட்டியே அவர்களோடு பேசி முடிவு செய்ய வேண்டும்.

ஆடும் இணைப்பு: பழுதும் மீட்சியும் மாறிமாறி வரும் இழையில், பிணைப்பு வழிச்செலுத்தலையே அலைக்கழிக்கும். மீண்ட பிறகு சிறிது நேரம் காத்திருந்து இடைமுகத்தை உயர்த்தும் ஏற்பாடு இதைத் தணிக்கும்.

வளையத்தில் மறையும் முதல் பழுது

எடுத்துக்காட்டு வளையத்தில் செஞ்சி – சிங்கவரம் இழை அறுந்ததாகக் கொள்வோம். பழுதறிதல் வேலை செய்தது. தரவு மேலச்சேரி வழியாகத் திரும்பியது. சிங்கவரத்தில் யாரும் எதையும் உணரவில்லை. புகார் ஒன்றும் வரவில்லை. இங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. இப்போது இருப்பது வளையமன்று, ஒரு கோடு. அடுத்த மாதம் மேலச்சேரிப் பக்கம் யாராவது தோண்டினால் சிங்கவரமும் மேலச்சேரியும் ஒரே நேரத்தில் துண்டாகும். பார்ப்பவருக்கு ஒரே நாளில் ஏற்பட்ட பெரும் பழுதாகத் தெரியும். உண்மையில் அதன் பாதி ஒரு மாதப் பழையது.

பாதுகாப்பு நன்றாக வேலை செய்யும் அளவுக்கு முதல் பழுது நன்றாக மறைகிறது. ஆகவே பழுதறிதலின் எச்சரிக்கை திசைவியின் பதிவேட்டோடு நின்றுவிடாமல் கண்காணிப்பு மையத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே அது "சேவை பாதிக்கப்படவில்லை" என்ற காரணத்துக்காக ஒதுக்கப்படாமல், இழை ஒட்டும் வேலையாகப் பதிவாக வேண்டும். பாதை மாறுவது திசைவியின் வேலை. இழையை ஒட்டுவது மனிதரின் வேலை. முதலாவது நடந்துவிட்டது என்பதற்காக இரண்டாவது தள்ளிப்போனால் வளையத்துக்குச் செலவழித்தது வீண்.

தாமதத்தை அளத்தல்

ஒய்.1731 தரும் தாமத அளவீடு, அறுபடாத பழுதுகளையும் காட்டிக்கொடுக்கும். ஒளியிழையில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 மைக்ரோ வினாடி எடுக்கிறது. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே 28 கிலோமீட்டர் இழை இருப்பதாகக் கொண்டால், சென்று திரும்ப 280 மைக்ரோ வினாடியும் கருவிகளின் சிறு தாமதமும் ஆகும். ஒரு நாள் அது திடீரென 2 மில்லி வினாடியாக உயர்ந்து அங்கேயே நின்றால், தரவு ஒரு வழிக்கு 200 கிலோமீட்டர் அளவுக்குச் சுற்றிப் போகிறது என்று ஊகிக்கலாம். வழங்குநரின் நேர்ப்பாதை பழுதாகி, வேறு ஊர் வழியாகத் திருப்பப்பட்டிருக்கக்கூடும். தாமதம் நிலையாக இல்லாமல் ஏறி இறங்கினால், பாதை மாற்றத்தைவிட நெரிசலே காரணமாக இருக்கும்.

வரம்புகள்

தொடர்ச்சிச் செய்தி சிறியது, எண்ணிக்கையில் குறைவு. இணைப்பில் ஆயிரத்தில் ஒரு சட்டகம் கெடுகிறது என்றால், பயனருக்கு வேகம் குறைந்தாலும் அடுத்தடுத்த மூன்று செய்திகளும் தவறுவது அரிது. ஆகவே சோதனை "நலம்" என்றே காட்டும். இதற்குச் சட்டக இழப்பு அளவீடும், இடைமுகத்தின் பிழை எண்ணிக்கையைப் பார்ப்பதும் தேவை. அதேபோல பெரிய சட்டகங்களை மட்டும் கைவிடும் பழுதும் சிறு செய்திகளுக்குத் தெரியாது. அளவை மாற்றி லூப்பேக் செய்தி அனுப்பியே அதைக் கண்டுபிடிக்க முடியும்.

ஈதர்நெட் பழுதறிதல் வழிச்செலுத்தலின் தவறுகளையும் காணாது. இரு திசைவிகளுக்கு இடையே இணைய நெறிமுறை அடுக்கில் தொடர்ச்சியைச் சோதிக்க, 2010இல் தரப்படுத்தப்பட்ட பி.எஃப்.டி. நெறிமுறை உள்ளது. ஒரே இணைப்பில் இரண்டையும் மிக விரைவான இடைவெளியில் ஓட்டினால் எது முதலில் செயல்பட்டது என்று பிரித்தறிவது கடினமாகும். கீழடுக்குச் சோதனைக்குக் குறுகிய இடைவெளியும், மேலடுக்குச் சோதனைக்குச் சற்று நீண்ட இடைவெளியும் வைப்பது நடைமுறை. அப்போது கீழடுக்கு சரிசெய்துவிடும் பழுதுக்கு மேலடுக்கு அசையாது. கீழடுக்கு காணாத பழுதை மேலடுக்கு பிடித்துக்கொள்ளும்.